ஹோன் அடிக்காமல் போன சைக்கிள்

விபூதிப் புதன் பூசையில் நெற்றியில் சாம்பல் பூசி வந்து படலையைத் திறக்கிறேன், பின்னால் மோட்டார் சைக்கிளில் மீன்காரப் பொடியன். "அக்கா, பாரை இருக்கு, விளைமீன் இருக்கு. நெத்தியில என்னவோ கரி பிரண்டு கிடக்கு, துடையுங்கோ." நல்ல பிள்ளைதான், பாவம். ஆனால் அந்த மீன் மணம் மூக்கில் ஏறினதும் அந்தக் காலத்து மீன்காரர் காதர் நானா நினைவில் வந்து நிற்கிறார்.

நானா கிண்ணியா ஆள். பாலம் வராத காலம். பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் சைக்கிளை ஏற்றித் துறை கடந்து வருவார். பின்னால் மீன்பெட்டி, முன்னால் ரப்பர் ஹோன். அது கத்தினால் ஒழுங்கையில் உள்ள பூனைகளோடு என் வீட்டுக்காரரும் எழும்புவார்.

இவருக்குத் துறைமுகத்தில் வேலை. தங்கமான மனுசன். மீனில்லாத சோற்றைக் கண்டால் மட்டும் செத்தவீட்டு முகம். எங்கள் கோயில் பங்கிலோ, விபூதிப் புதனில் தொடங்கும் தவக்காலம் முழுக்க மீன், இறைச்சி என்று மச்சம் தொடாதவர்தான் பெரிய வெள்ளியில் பெரிய சிலுவையைச் சுமக்கலாம். நோன்பு காத்தியா என்று சுவாமியார் எல்லாருக்கும் முன்னால் கேட்பார். இவருடைய தகப்பன் சுமந்த சிலுவை அது. இவர் வருசா வருசம் இரண்டாம் கிழமையிலேயே கவிழ்ந்துவிடுவாராம். நான் கலியாணம் முடித்து வந்த வருசம், "இந்தமுறை நான்தான்" என்று நெற்றிச் சாம்பல் காயமுன்னமே சொல்லிவிட்டார். நான் செபமாலை உருட்டினதெல்லாம் என் ஆத்துமத்துக்கல்ல, இவருடைய நாக்குக்காகத்தான்.

பெரிய கிழமை நெருங்க, ஒரு காலை பல் தீட்டப் போன மனுசன் வேலிக்கு அங்கால் குசுகுசுக்கிறார். நான் குசினி யன்னலில் காதை வைத்தேன்.

"நானா, கொஞ்சம் சூடை மீன் தாங்கோ. பூனைக்கு."

"உங்கட வீட்டில பூனை எப்ப வந்தது?"

"இண்டைக்குத்தான்."

"அப்ப பூனையைப் பிடிச்சிட்டு வாங்க தம்பி. அதிட வாயில நானே போடுறன்."

"வித்தா உங்களுக்குத்தானே நல்லம்!"

"என்ட நோன்புக்கு எனக்கு முன்னால பீடி பத்த மாட்டீங்க. உங்கட நோன்பை நான் கெடுக்கிறதா? ஏலாது, போங்க."

இவர் வாயில் பற்பொடியோடு திரும்பி வந்தார். நான் ஒன்றும் கேட்காத மாதிரிப் பருப்பைக் கிண்டினேன். அடுத்த நாளிலிருந்து நானா எங்கள் வாசலில் ஹோன் அடிக்கவில்லை. இறங்கி, பெட்டியை ஈரச்சாக்கால் மூடி, சைக்கிளை உருட்டிக்கொண்டு போய் மூலையில்தான் மறுபடி ஏறுவார்.

பெரிய வெள்ளியன்று சுவாமியார் கேட்டார். இவர் முதலில் என்னைப் பார்த்தார், பிறகு நிமிர்ந்து, "ஓம் சுவாமி, காத்தனான்" என்றார். இவர் சுமந்த சிலுவை ஒழுங்கையால் வரும்போது நானா ஓரமாய் ஒதுங்கி நின்றார். நான் கடக்கையில் மெல்ல, "தங்கச்சி, பூனை சுகமா?" என்றார். சிலுவைப்பாதையில் வெரோனிக்கா இயேசுவின் முகம் துடைக்கிற இடத்தில் எனக்கு வந்த சிரிப்பை முக்காட்டுக்குள் அமுக்க நான் பட்ட பாடு ஆண்டவருக்குத்தான் தெரியும். அதன் பிறகு இவரைச் செபத்துக்கு நான் கூப்பிட வேண்டி வந்ததில்லை. உயிர்த்த ஞாயிறு விடிய வாசலில் நீளமாய் ஒரு ஹோன். நானா கையில் பாரைத் தலை. "பூனைக்கு" என்றார்.

நானா மௌத்தாகி வருசங்கள் போய்விட்டன. பாலம் வந்ததில் மிதவைப் பாதையும் இல்லை. நேற்றும் பொடியன் வந்து வாசலில் விடாமல் ஹோன் அடிக்கிறான். உள்ளேயிருந்து இவர், "என்ன மீனாம்?"

"பூனையைக் கொண்டு வரட்டாம்" என்றேன்.

சிரித்தார். எங்களுக்காக ஹோன் அடிக்காமல் போக இப்போது ஒருவரும் இல்லை.