சத்தம் போடாத டயர்

சர்க்கரை நோயில் என் கணவருக்குப் பார்வை போனபின், அவர் ஓட்டிய டூரிஸ்ட் வேன் வாசலிலேயே நின்றது. ஆள் நிறைய ஏற்றினாலும் மலைப்பாதையில் திணறாத வண்டி. அதை விற்க நான் பேசி முடித்துவிட்டேன். அவரிடம் மட்டும் சொல்லவில்லை. வாங்குபவர் புது டயர் கேட்டிருந்தார்.

"டயர் மொட்டையாயிடுச்சு, மாத்திடலாங்க" என்றேன்.

"நானும் வரேன்" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரர் வேனை ஓட்ட, ரெட்டியார்பாளையம் டயர் கடைக்குப் போனோம். இரண்டு டயர்களை எடுத்து வைத்தார் கடைக்காரர். ஒன்று கெட்டி ரப்பர். நெடுநாள் உழைக்கும், ஆனால் ஓடும்போது இரையும். மற்றது மெத்தென்ற ரப்பர், சத்தம் வராது, மழையில் வழுக்காது, சீக்கிரம் தேயும். என் கணவர் இரண்டின் மேலுள்ள பட்டன் மேடுகளையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"வண்டிய எத்தினி நாள் வச்சிருப்பீங்க?" என்றார் கடைக்காரர். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான்.

"விக்கப் போறோம்" என்றார் என் கணவர். "வாங்கறவன் புள்ளகுட்டிய ஏத்திக்கினு போவான். மழையில வழுக்காம நிக்கிறதயே போடுங்க."

எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

வண்டி போன அன்று, கேட்டைப் பிடித்தபடி காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். எஞ்சின் சத்தம் தெருமுனையில் அடங்கியது.

"பாத்தியா, டயர் சத்தமே இல்ல" என்றார்.

அவர் வேதனைப்படக் கூடாதென்றுதான் மறைத்தேன். தெரிந்துகொண்டே அவரும் என்னிடம் மறைத்திருக்கிறார். இன்றும் தெருவில் ஏதாவது வேன் போனால், இருவருமே பேச்சை நிறுத்திவிடுகிறோம்.