பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்த கரடி

ஜவ்வாது மலையில் பிறந்து, அமெரிக்காவில் ஒரு மண்டபம் நிறையக் கோட்டுப் போட்டவர்களை எழுந்து நின்று கைதட்ட வைத்தவன் ஒருத்தன்தான். புதூர்நாட்டுக்குப் பக்கத்து வேடியப்பன். மேடைக்கு அவனை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள், கரடி என்றுதான் கூப்பிட்டிருப்பார்கள். அந்தக் கண்றாவிதான் இந்தக் கதை.

வேடியப்பனுக்குச் சாமை விளைகிற கொஞ்சம் மேட்டுக்காடு, நாலு ஆடு, பாஞ்சாலை என்று ஒரு பெண்டாட்டி. இதைத் தவிர ஓடைக்கரையில் இரண்டு பலாமரம். பாஞ்சாலையைக் கட்டிக் கொடுத்தபோது அவள் அப்பன் கொடுத்த மரங்கள். பட்டாவெல்லாம் கிடையாது. காட்டு எல்லைக்குள் நிற்கிற மரத்துக்கு எவன் பட்டா கொடுப்பான்? இன்னார் மரம் என்று ஊர் சொல்லும், அவ்வளவுதான். ஆனி மாதம் அந்தப் பழங்கள் ஜீப்பேறிக் கீழே போனால்தான் அந்த வீட்டில் வருஷத்துக்கு உப்பும் துணியும்.

மரம் நல்ல மரமாக இருந்துவிட்டால் ஊரே சொந்தக்காரன்தானே. சாயங்காலம் பழம் தொங்கும், காலையில் காம்பு தொங்கும். வேடியப்பன் சண்டை போட்டுப் பார்த்தான். சாமி மேல் சத்தியம் செய்துவிட்டு வந்து மறுபடியும் திருடினார்கள். வெறுத்துப்போய், வீட்டுப் பரண்மேல் கிடந்த கரடித்தோலை இறக்கினான். மாமனார் காலத்து வேட்டையில் விழுந்த கரடி, தலையோடு பாடம் பண்ணி வைத்த தோல். பொழுது சாய்கிற நேரத்தில் அதைப் போர்த்திக்கொண்டு மரத்தடியில் நாலு காலில் நடந்து ஓர் உறுமல் உறுமுவான். முதலில் மாட்டியது யார் தெரியுமா? ஊர்க்கவுண்டர் மாதையன். திருட்டு வழக்கு வந்தால் ஊருக்குத் தீர்ப்புச் சொல்கிற மனுஷன், வேட்டியை உண்ணிச்செடி முள்ளில் விட்டுவிட்டு ஓடினார். மறுநாள் கரடியோடு கட்டிப் புரண்டு அதை விரட்டியடித்ததாக எல்லோரிடமும் சொன்னார். ஊர்க்கவுண்டரே சொன்ன பிறகு அந்தப் பக்கம் ஒருத்தரும் தலைவைத்துப் படுக்கவில்லை. உண்மை வேடியப்பனுக்கும் பாஞ்சாலைக்கும் மட்டும்தான் தெரியும்.

இப்படியே போயிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். எழுபத்தொன்பதாம் வருஷம் ஆனி மாதம் ஒரு ஜீப் வந்து நின்றது. அமெரிக்க டெலிவிஷனுக்குக் காட்டு மிருகங்களைப் படம் எடுக்கிற வெள்ளைக்காரர் ஒருவர், பெட்டி தூக்க இரண்டு ஆள், பேச்சை மாற்றிச் சொல்லச் செங்கத்து ராஜேந்திரன். இந்த ராஜேந்திரன் பி.ஏ. முடித்துவிட்டு வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவன். துரை வந்த புண்ணியத்தில் அவனுக்கு ஒரு கூலிங்கிளாஸ் கிடைத்திருந்தது.

துரைக்குக் கரடி வேண்டும். வெளிச்சத்தில் வேண்டும். ஊர்க்கவுண்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தார்.

"நான் கட்டிப் பொரண்ட எடத்தையே காட்டுறேன், வாங்க" என்று நேராக ஓடைக்கரைக்குக் கூட்டிப்போனார்.

பலாமரத்துக்கு எதிரே தழை போட்டுப் பரண் கட்டிக் கேமராவோடு உட்கார்ந்துவிட்டார் துரை. மனுஷ வாடை பட்டால் கரடி வராது என்று ஒருத்தரையும் கிட்டே விடவில்லை. நாள் போய்க்கொண்டே இருந்தது. இல்லாத கரடி எங்கிருந்து வரும்? பழமெல்லாம் பழுத்து மரத்திலேயே வெடித்தது. ஓடைக்கரையே கமகமவென்று மணக்க, வேடியப்பனுக்கு வயிறு எரிந்தது. ராஜேந்திரனிடம் போய்க் கெஞ்சினான்.

"அது என் மரம் சார். பழம் பழுத்து வுழுது. பறிச்சிக்கினு போய்ட்றேன்."

"பழம் இல்லன்னா கரடி எப்படிய்யா வரும்? கொஞ்சம் பொறு. ஒரே ஒரு வாட்டி கரடி வந்துட்டா, துரை மறுநாளே மூட்டைய கட்டிடுவாரு."

கரடி வந்தால் துரை போய்விடுவார். இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷனுக்கு எப்படிச் சொல்வது? வீட்டுக்கு வந்து பரணை அண்ணாந்து பார்த்தான். அந்தப் பார்வையே பாஞ்சாலைக்குப் போதும்.

"போறதுதான் போற, ஒழுங்கா நட" என்றாள். "பழம் அழுகிப் போவுது."

அன்று சாயங்காலம் லேசான தூறல், காட்டில் மங்கலான வெளிச்சம். வேடியப்பன் புதருக்குள்ளிருந்து நாலு காலில் வந்தான். கறையான் புற்றைக் கிளறினான். அடிமரத்தில் முதுகைத் தேய்த்தான். பரணில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அதோடு திரும்பியிருக்கலாம். ஆனால் இத்தனை நாள் தொடமுடியாத பழம் மூக்குக்கு நேரே தொங்கும்போது கை சும்மா இருக்குமா? எழுந்து நின்று, ஒரு பழத்தை இரண்டு தட்டுத் தட்டி, காதை வைத்துக் கேட்டான். காய். பக்கத்துப் பழத்தைத் தட்டினான். பழம். அதை மட்டும் திருகிப் பறித்து, மாரோடு அணைத்துக்கொண்டு புதருக்குள் போய்விட்டான்.

மறுநாள் துரை சிரித்த முகமாக ஜீப்பில் ஏறினார். மிச்சம் இருந்த பழத்தை வேடியப்பன் இறக்கினான். போன சனியன் போயிற்று என்று இரண்டு பேரும் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கினார்கள்.

அடுத்த வருஷம் புரட்டாசி கழிந்து ராஜேந்திரன் ஒரு போட்டோவை எடுத்துக்கொண்டு மலையேறி வந்தான். போட்டோவில் துரை கறுப்புக் கோட்டும் கழுத்துப்பட்டையுமாக நிற்கிறார், கையில் தங்க நிறத்தில் ஒரு பொம்மை. இறக்கை வைத்த ஒரு பெண் இரண்டு கையாலும் உருண்டையைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். அமெரிக்காவில் டெலிவிஷனில் வருகிற படங்களுக்கும் அதில் நடிக்கிறவர்களுக்கும் வருஷாவருஷம் எம்மி என்று ஒரு பரிசு கொடுப்பார்களாம். பேரை உறைக்குள் போட்டு ஒட்டி வைத்திருந்து, எல்லார் முன்னாலும் பிரித்துப் படிப்பார்களாம். டெலிவிஷனையே பார்க்காத ஊர் வாயைப் பிளந்து கேட்டது.

"நம்ம கரடிப் படத்துக்குத்தான் இந்த வருஷம் குட்த்தாங்க" என்றான் ராஜேந்திரன். "துரை மேடையில இன்னா சொன்னாரு தெரியுமா? இந்தப் பரிசு எனக்கு இல்ல, ஜவ்வாது மலையில இருக்கிற அந்தக் கரடிக்குத்தான் சேரும்னாரு. அத்தனை பேரும் எழுந்து நின்னு கை தட்னாங்களாம். பழத்தைத் தட்டிப் பார்த்துப் பறிக்கிற கரடி ஒலகத்துலயே வேற எங்கயும் இல்லியாம்."

கூட்டத்தின் பின்னால் நின்ற வேடியப்பனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டே போனான். பாஞ்சாலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கூட வந்தாள். கதவைச் சாத்தியதும் அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"உனுக்குத்தான்யா கை தட்டியிருக்கானுங்க" என்றாள். அந்த வீட்டில் அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

தை மாதம் ஓடைக்கரையில் கல் நட்டு முள்கம்பி இழுத்தார்கள். உலகத்திலேயே இல்லாத கரடி, அதற்கு இடைஞ்சல் பண்ணக்கூடாது, மனுஷன் உள்ளே காலை வைத்தால் கேஸ் என்று மேலேயிருந்து உத்தரவு. இரண்டு பலாமரமும் கம்பிக்கு அந்தப் பக்கம். கம்பிவேலி வாசலில் ஒரு போர்டு, அதில் படத்திலிருந்து எடுத்த கரடியின் உருவம், பழத்தில் காது வைத்தபடி. வேடியப்பன் தன் போட்டோவைத் தானே பார்த்துக்கொண்டு பேந்தப் பேந்த விழித்தான்.

பாஞ்சாலை விடவில்லை. "போயி உண்மைய சொல்லு. அது எங்கப்பன் குட்த்த மரம்."

"சொன்னா ஊர் முன்னாடி மானம் பூடும்மே."

"மானத்தப் போட்டு உப்பு வாங்க முடியுமா?"

சித்திரையில் துரையே மறுபடி வந்தார், தன் கரடி சௌக்கியமா என்று பார்க்க. கூட ராஜேந்திரன், காட்டுக்குப் பொறுப்பான அதிகாரி ராஜவேலு. ஊரும் கூடியிருந்தது. அதுதான் சமயம் என்று வேடியப்பன் முன்னால் போய்க் கும்பிட்டான்.

"ஐயா, அங்க கரடியே இல்ல. அது நான்தான். பழத்தை யாரும் திருடக்கூடாதுன்னு வேஷங்கட்டினேன். என் மரத்தை வுட்ருங்க."

ஊர் முழுக்க ஊர்க்கவுண்டர் மாதையனைத் திரும்பிப் பார்த்தது. கரடியோடு கட்டிப் புரண்டவர் முகம் கறுத்துப் போயிற்று.

ராஜவேலு சிரித்தார். "அமெரிக்காவுல அத்தனை பேர் பார்த்துக் கரடின்னு பரிசு குடுத்துட்டாங்க. நீ இல்லைன்ற. சரி, எங்க, செய்து காட்டு."

தோலை எடுத்து வந்து காட்டியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் கரடித்தோலை வைத்திருப்பதே குற்றம் என்று சட்டம் வந்திருந்தது. காட்டினால் ஜெயில், காட்டாவிட்டால் பொய்யன். என்ன செய்வான் பாவம், தோளில் கிடந்த கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அத்தனை பேர் முன்னாலும் நாலு காலில் நடந்தான். பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர்களும் சிரித்தார்கள். பாஞ்சாலை மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள்.

அதிகாரியே கம்பியைத் திறந்துவிட, மரத்தடிக்குப் போய் எழுந்து நின்றான். அந்த வருஷத்துப் பிஞ்சு ஒன்றைத் தட்டிக் காதை வைத்தான். அதுவரை மரியாதைக்காகப் பார்த்துக்கொண்டிருந்த துரை ஓடி வந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. என்னவோ படபடவென்று பேசினார். வேடியப்பனுக்கு உயிர் வந்தது. ஜெயித்தாயிற்று, மரம் வந்தாயிற்று என்று பாஞ்சாலையைத் திரும்பிப் பார்த்தான்.

ராஜேந்திரன் தமிழில் சொன்னான். "துரை ரொம்ப சந்தோஷப்படுறாரு. கரடி எப்படித் தட்டிப் பார்க்குதோ அப்படியே நீங்களும் தட்டிப் பார்க்கிறீங்களாம். இந்த மலை ஜனங்க எல்லாத்தையும் கரடிகிட்டயிருந்துதான் கத்துக்கினாங்கன்னு இப்பத்தான் புரிஞ்சிச்சாம். நடைதான் கொஞ்சம் சரியில்லியாம். நிஜக் கரடி இன்னும் நல்லா நடக்குமாம்."

அதையும் இன்னொருமுறை செய்யச் சொல்லித் துரை கேமராவில் எடுத்துக்கொண்டு போனார். "இனிமே உள்ள காலை வெச்சா முதல் கேஸ் உன்மேலதான்" என்று சொல்லிவிட்டு ராஜவேலு கம்பியைப் பூட்டினார்.

துரை நம்பவில்லை, அதிகாரி நம்பவில்லை. ஆனால் ஊர் நம்பியது. முழுசாக நம்பியது. அங்கே கரடி இல்லை, இருந்ததெல்லாம் வேடியப்பன்தான் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரிந்துவிட்டது. ஆனி பிறந்ததும் ஆளாளுக்குக் கம்பியைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். பகலிலேயே நுழைந்தார்கள். ராஜவேலு வாரம் ஒருமுறை வந்து வெளியே நின்று மரத்தைப் பார்ப்பார். பழம் குறையக் குறைய அவருக்குத் திருப்தி. "கரடி நல்லா சாப்பிடுது" என்று சொல்லிவிட்டுப் போவார். கேஸ் வந்தால் வரட்டும், நீயும் போய்ப் பறி என்று பாஞ்சாலை சொன்னாள். வேடியப்பனுக்கு அது மட்டும் முடியவில்லை. மாமனார் கையால் கொடுத்த மரத்தில் திருடனைப்போல ஏறுவதா?

ஒருநாள் பொறுக்கமுடியாமல் தோலை இறக்கிப் போர்த்திக்கொண்டான். பொழுது சாய்கிற நேரம். கம்பிக்கடியில் ஊர்ந்துபோய் மரத்தடியில் நின்று, தொண்டை கிழிய உறுமினான். மரத்துமேல் தழை அசைந்தது. எட்டிப் பார்த்தது ஊர்க்கவுண்டர் மாதையன்.

"யாரு, வேடியனா? நல்ல நேரத்துக்குத்தான் வந்த."

வேடியப்பன் இன்னும் பலமாக உறுமினான்.

"போதும்பா, ஊர்ல கொழந்த தூங்குது. கீழ நின்னு புடி. வுழுந்தா நசுங்கிப்புடும்."

சொல்லிக்கொண்டே காம்பை அறுத்துவிட்டார். தேன்போலச் சுளை வைக்கிற மரத்துப் பழம் தரையில் விழுந்து சிதறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க அந்தக் கைக்குத் தெரியாது. பிடித்துவிட்டான். அடுத்ததையும் பிடித்தான். மரம் முக்கால்வாசி காலியாகும்வரை கரடி நின்று பிடித்துக்கொடுத்தது.

மாதையன் இறங்கி வந்து, பழங்களைத் தன் கோணியில் போட்டுக் கட்டினார். சின்னதாக ஒன்றை மட்டும் வெளியே வைத்தார்.

"ந்தா. நீயும் இவ்ளோ நேரம் பாடுபட்ட. அமெரிக்காக்காரன்தான் உனுக்கு ஒண்ணும் குடுக்கல, இதப் பரிசா வெச்சிக்கோ."

கரடித் தலைக்குள்ளே வேடியப்பன் விக்கி விக்கி அழுதான். மாதையன் கோணியைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு, தோலையும் பழத்தையும் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தான். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னான். பாஞ்சாலை திட்டவில்லை. பழத்தை வாங்கி மடியில் வைத்து, இரண்டு தட்டுத் தட்டிக் காதை வைத்துக் கேட்டாள்.

"காய்" என்றாள்.