எலுமிச்சம்பழத்துக்காக எடுத்த கட்டைகள்

தணிகாசலம் எங்கள் சித்தூர் மிஷன் ஆஸ்பத்திரி லாரியின் டிரைவர். கிராமம் கிராமமாக மருந்து கொண்டுபோன அந்த லாரி 1931-இல் வந்தது. 1958-இல் திருத்தணி முகாமுக்குப் போன இடத்தில் எஞ்சின் இறுகி, அங்கேயே ஒரு கொட்டகையில் இரண்டு வருடம் நின்றது. அந்த இரண்டு வருடமும் அவர் அதற்குக் காவல்காரர். வேறு வேலை தெரியாது. வீட்டில் நான்கு பெண்கள்.

திருப்பதிப் பட்டறைக்காரர் ஒருவர் அதைப் புதுப்பித்துத் தர ஒப்புக்கொண்டார். ஆனால் 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி ஆந்திராவிலிருந்து மதராஸ் ராஜ்யத்துக்குப் போகிறது. பிறகு லாரியை ஏற்றிவர நம் ஆந்திரா டிரெய்லருக்கு அங்கே பர்மிட் கிடைக்காது. மார்ச் முப்பத்தொன்றுக்குள் பட்டறையில் சேராவிட்டால் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதாகக் கமிட்டி எழுதிவிட்டது. டிரெய்லர் கிடைத்ததே முப்பத்தொன்றாம் தேதிதான். காகிதங்களில் கையெழுத்துப் போட ஆஸ்பத்திரி சார்பில் நர்ஸாகிய என்னை அனுப்பினார்கள்.

லாரியை டிரெய்லரில் ஏற்றியிருந்தார்கள். நான்கு மூலையிலும் சங்கிலி. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை. கால் முறிந்தவனுக்குக் கட்டிய சிம்பைப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

டிரெய்லரை இழுக்கும் டிராக்டரை ஓட்டும் சிட்டிபாபு தன் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தான். தணிகாசலத்துக்கு மனம் கேட்கவில்லை.

"என் வண்டியும்தானே பயணம் போவுது? அதுவும் நசுக்கணும்டா."

"அது தூங்கிக்கினு போவுது மாமா. தூங்கறதுக்கு எதுக்குப் பழம்?"

"ரெண்டு வருசம் கழிச்சு வெளிய வருது. வைடா!"

சங்கிலியைத் தளர்த்தி, முன் கட்டைகளை எடுத்து, லாரியை ஒரு முழம் உருட்டினார்கள். பழம் நசுங்கியது. மணி ஒன்று இருபத்தைந்து. வியாழக்கிழமை ஒன்றரைக்கு ராகுகாலம். "வண்டிய எடு, எடு" என்று தணிகாசலமே விரட்டினார். சங்கிலிகளை மாட்டினார்கள். கட்டைகள் தரையிலேயே கிடந்தன. நான் டிராக்டரில் ஏறிவிட்டிருந்தேன். இன்னொரு முறை பார்க்கவில்லை. அது என் தவறு.

புத்தூர் தாண்டி ஓர் இறக்கத்தில் எருமை குறுக்கே வந்தது. சிட்டிபாபு பிரேக் போட்டான். ஒரு சங்கிலிக் கொக்கி விரிந்து, லாரி முன்னே சறுக்கி, ஒரு சக்கரம் டிரெய்லரின் விளிம்புக்கு வெளியே தொங்கியது. இன்னொன்றும் நகர்ந்துகொண்டிருந்தது. தணிகாசலம் சாலையோரக் கல்லொன்றைத் தூக்கி அதன் முன்னே தள்ளினார்.

"கைய எடுய்யா! போனா போவட்டும்!" என்று கத்தினேன்.

"அது போனா நான் எங்க போவேன் நர்ஸம்மா?"

லாரி நின்றது. அவருடைய இடது கை கல்லுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருந்தது.

ஜாக்கி வைத்துத் தூக்கிக் கையை எடுத்தோம். முந்தானையைக் கிழித்துக் கட்டினேன். புத்தூர் ஆஸ்பத்திரிக்குத் திரும்பச் சொன்னேன்.

"மொதல்ல லாரி" என்றார். முகத்தில் வியர்வை ஊற்றியது. "இன்னிக்குச் சேரலன்னா உடைச்சுடுவாங்க."

இரத்தம் நின்றுவிட்டது. மூன்று விரல்கள் தேறாது என்பது பார்த்தவுடனே தெரிந்தது. சரி என்றேன். அவ்வழியே வந்த விறகு வண்டியில் நான்கு கட்டை கேட்டு வாங்கி, லாரியைப் பின்னுக்குத் தள்ளி, சக்கரங்களுக்கு அடைகொடுத்தோம். இந்த முறை ஒவ்வொன்றையும் நான் உதைத்துப் பார்த்தேன்.

ஆறரை மணிக்குப் பட்டறைக்காரர் கையெழுத்துப் போட்டார். மறுநாள் விரல்களை எடுத்தார்கள்.

நவம்பரில் லாரி ஓடியது. கியர் போட இடது கை வேண்டும். கமிட்டி வேறு டிரைவரை வைத்தது. தணிகாசலம் கிளீனர் வேலை கேட்டார், கொடுத்தார்கள். வண்டி நின்றதும் இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் வேலை. இரண்டு விரல் கையோடு பதினோரு வருடம் அதைச் செய்தார்.