சந்தனம் வைத்த ஹார்ட் டிஸ்க்

எது ஓடவில்லை என்றாலும் எனக்கு முதலில் கோபம் வருவது சப்ளையர் மேல்தான். உத்திரமேரூர் பஜாரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்த நாளிலிருந்து அப்படித்தான். ஒரு வெள்ளிக்கிழமை அதற்கு நன்றாக மூக்குடைபட்டேன்.

அன்று கடை திறந்ததும் ஸ்டுடியோ மேரி ஓடிவந்தாள். கல்யாண வீடியோ எடிட் செய்கிறவள். அவள் தனியாக எடுத்த முதல் ஆர்டர்; பொண்ணும் மாப்பிள்ளையும் மதியம் துபாய்க்குக் கிளம்புகிறார்கள், அதற்குள் வீடியோவைக் கொடுத்தாக வேண்டும்.

"அண்ணா, டிஸ்க்ல இடமே இல்ல. வீடியோ எக்ஸ்போர்ட் பாதியில நின்னுடுது. இன்னா பண்றதுன்னே தெரியல!"

அவளுடையது ஏதோ ஆபீஸ் கழித்துவிட்ட பழைய வொர்க்ஸ்டேஷன் கம்ப்யூட்டர். அதன் கம்பெனி டிஸ்க் இப்போது கிடைக்காது. வாலாஜாபாத் பாய் சப்ளை செய்த வேறு கம்பெனி டிஸ்க் ஒன்று என்னிடம் இருந்தது.

"வேற கம்பெனின்னா அது ஏத்துக்குமா அண்ணா?"

"ஏத்துக்காம எங்க பூடும்?"

வெள்ளிக்கிழமை புது டிஸ்க்கைப் பொட்டு வைக்காமல் மாட்ட மாட்டேன். பூஜைக்குக் குழைத்த சந்தனத்தைத் தாராளமாக வைத்து அவள் ஸ்டுடியோவுக்கு எடுத்துப்போனேன். டிஸ்க் மாட்டும் டிரேயில் ஸ்க்ரூ ஓட்டை ஒத்துவரவில்லை. இரண்டு ஸ்க்ரூவில் நிறுத்தி, கேபிள் சொருகி ஆன் செய்தேன். ஆன் ஆனதும் வரும் பயாஸ் திரையில் டிஸ்க்கே காட்டவில்லை. கேபிளை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன். ஊஹூம்! மேரி அழவே ஆரம்பித்துவிட்டாள். நான் பாய்க்குப் போன் போட்டேன்.

"யோவ் பாய், செத்த டிஸ்க்க என் தலைல கட்டிட்டு ஜாலியா கீறியா?"

"கோச்சிக்காத நைனா. கழட்டி கனெக்டரைப் பாரு."

கழற்றினேன். சந்தனம் வழிந்து, கனெக்டர் பின் முழுக்க அப்பிக் காய்ந்திருந்தது. மேரி எட்டிப் பார்த்தாள்.

"அய்யோ அண்ணா, அதோட வாயிலயே பூசி வச்சிகீற!"

அழுதுகொண்டிருந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. ஸ்பிரிட்டும் பிரஷ்ஷும் கொண்டு துடைத்துக் காயவைத்து மாட்டினேன். திரையில் டிஸ்க் வந்துவிட்டது! எக்ஸ்போர்ட் ஓட ஆரம்பித்ததும் பாயைக் கூப்பிட்டுத் தப்பு என்னுடையது என்றேன். அன்று பார்த்த வேலையில் அதுதான் கஷ்டமான வேலை. பழுது நம் கையில் இருந்தால் உடனே சொல்லிவிட வேண்டும் என்று அன்றுதான் கற்றேன்.

பென் டிரைவோடு சாலவாக்கத்தில் பொண்ணு வீட்டுக்கு வண்டியை விரட்டினோம். கார் கிளம்பத் தயாராக நின்றது. மேரி கொடுத்ததும் கல்யாணப் பொண்ணு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பொண்ணின் அம்மா என்னைப் பார்த்து, "இவரு யாரு?" என்றார்.

"டிஸ்க்கு மாட்டிக் குடுத்த அண்ணன்" என்றாள் மேரி.

"லேட் பண்ணதும் நான்தாம்மா" என்றேன்.

"அது கெடக்குது. எம்பொண்ணு கல்யாணத்த கையில குடுத்துட்ட இல்ல? வா, சாப்ட்டுப் போ."