போ என்றால் வரும்

காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்ததால் ஒன்றும் காலர் அக்காவுக்கு அந்தப் பெயர் வரவில்லை. சட்டைத் தொழிற்சாலையில் அவள் காலர் மட்டும்தான் தைப்பாள். கை தைக்க ஒருத்தி, பை தைக்க ஒருத்தி. ஊரில் பாதி ஆம்பளைகளின் கழுத்து அக்காவின் பிடியில் இருக்கிறது என்று அவள் தங்கச்சி ஓட்டுவாள்.

தொழிற்சாலையின் கழிவுத்துணி அறையில் ஒரு பூனை இருந்தது. சாம்பல் நிறம், ஒரு காது கிழிசல், வாலில் எப்போதும் ஏதாவது நூல். அதனால் பெயர் நூலு. மனுஷக் கை அதன்மேல் பட்டதே கிடையாது. சாப்பாட்டு இடைவேளையில் அக்கா மீன் துண்டைப் போட்டுவிட்டு, சூப்பர்வைசர் காதில் விழட்டும் என்று, "போ! சனியனே, போ!" என்று கத்துவாள். பூனையை விரட்டுகிறாளாக்கும் என்று அவரும் நம்பினார். வாட்ச்மேன்தான் நிஜமாகவே பிடிக்கப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் சாக்கை மறைத்துக்கொண்டு, "வா, வா, வாடா கண்ணு" என்று தேனாக ஒழுகுவார்.

அந்த அறையை இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்தது. வெளியே தெருவெல்லாம் நாய்க் கூட்டம். அக்கா அட்டைப்பெட்டிக்குள் மீனை வைத்து நூலுவை அடைத்து, வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

மாடியில் இரண்டே அறை; அவளும் தங்கச்சியும் மட்டும். ஜன்னலோரத்தில் ஒரு பிரம்பு நாற்காலி. அக்காவின் வீட்டுக்காரர் உட்கார்ந்த நாற்காலி. அவர் செத்து வருஷம் ஒன்று தாண்டிவிட்டது. அந்தச் சேதி நாற்காலிக்குத்தான் இன்னும் போய்ச் சேரவில்லை. காற்றே இல்லாத மத்தியானத்தில் திடீரென்று கிரீச் என்னும், யாரோ இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்த மாதிரி. வெயிலுக்குப் பிரம்பு சுருங்குகிறது என்பாள் தங்கச்சி. ஆனால் அதற்கு முதுகைக் காட்டி உட்கார மாட்டாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, "போங்க. நிம்மதியா போங்க" என்பாள். உடனே இன்னொரு கிரீச்.

பெட்டியைத் திறந்ததும் நூலு பீரோவுக்குப் பின்னால் பாய்ந்தது. அத்தோடு சரி. அக்கா அது வெளிக்குப் போக மண் நிரப்பிய தட்டு வைத்தாள். ஒளிந்துகொள்ள ஓட்டை போட்ட பெட்டி வைத்தாள். பழகிய வாசனைக்காகக் கழிவுத்துணியை அள்ளிவந்து விரித்தாள். பயந்துவிடும் என்று கண்ணைக்கூடப் பார்க்காமல், தரையில் படுத்துக்கொண்டு, "வா கண்ணு, வா செல்லம்" என்று கெஞ்சினாள். அவள் கூப்பிடக் கூப்பிட, அது சுவருக்குள்ளேயே நுழைந்துவிடுவதுபோல ஒண்டியது. சாப்பாட்டுத் தட்டில் வைத்த மீன் வைத்தபடி காய்ந்தது.

இடுக்கில் இரண்டு பச்சை வெளிச்சம் மட்டும் தெரிந்தது. அவை அக்காவைப் பார்க்கவில்லை, நாற்காலியைப் பார்த்தன. கிரீச் என்றதும் மெல்ல மேலே ஏறின, உட்கார்ந்திருந்தவர் எழுந்து நிற்பதைப் பார்ப்பதுபோல. அப்புறம் ஜன்னல்வரை போய் அங்கேயே நின்றன.

"அக்கா, அது எதைப் பாக்குது?"

"பல்லியா இருக்கும்."

"பல்லி எந்திரிச்சுப் போய் ஜன்னல்ல நின்னு வேடிக்கை பாக்குமா? மாமாதான் அப்படி நிப்பாரு."

"வாயை மூடுடி."

தங்கச்சி நாற்காலியை விட்டுத் தள்ளி வந்து நின்றாள். "இது பட்டினி கிடந்தே செத்துடும்க்கா. இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள திங்கலைன்னா ஜன்னலைத் திறந்து விட்டுடுவேன்."

"கீழ நாய் நிக்குதுடி."

"அதுக்காவது வயிறு நிறையட்டும்!" என்றவள், சொன்னது தனக்கே பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெயில் ஜன்னலை விட்டு இறங்கியது. மீனைத் தொட ஆளில்லை. தங்கச்சி ஜன்னல் கொக்கியை எடுத்தாள். கீழே ஒரு நாய் உறுமியது. அக்கா ஓடிவந்து கையைப் பிடிப்பதற்குள், தங்கச்சி துடைப்பத்தால் பீரோவில் ஓங்கித் தட்டி, "போ! போய்த் தொலை, போ!" என்று கத்தினாள்.

நூலு வந்தது. ஜன்னலுக்கு ஓடவில்லை. வாலைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு, சாப்பாட்டு மணி கேட்ட ஹாஸ்டல் பிள்ளை மாதிரி நேராக மீன் தட்டுக்கு வந்து கவ்வியது.

அக்கா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்போடு கண்ணீரும் வந்தது. "தப்புத்தப்பா படிச்சு வச்சிருக்குடி! நான்தான் சொல்லிக்குடுத்தேன். போன்னா சோறு. வான்னா சாக்கு."

"உன்கிட்ட பாடம் கேட்டுத்தான் நானும் ஃபெயில் ஆனேன்."

கிரீச்.

இரண்டு பேர் சிரிப்பும் நின்றது. பூனை தட்டருகில் இருந்தது. நாற்காலிப் பக்கம் யாருமில்லை.

"போங்க..." என்று பழக்கத்தில் ஆரம்பித்த அக்கா, பாதியில் நிறுத்தினாள். அவர் இருந்தபோதும் அவளுக்கு அதே வார்த்தைதான். நீ தைச்ச காலர்தான் ஊரிலேயே அழகு என்பார். அட போங்க என்பாள். கன்னத்தைக் கிள்ளுவார், போங்க என்பாள். அந்த வார்த்தைக்கு அவர் ஒரு நாளும் போனதில்லை. நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்வார்.

இத்தனை நாளும் அவரை விடாமல் கூப்பிட்டிருக்கிறாள்.

"அக்கா," தங்கச்சி கிசுகிசுத்தாள், "வாங்கன்னு சொல்லிப் பாரேன். போயிடுவாரு."

 சொன்னால் போதும், வீடு அமைதியாகிவிடும்.

நூலு வாயை நக்கிக்கொண்டு நாற்காலியில் தாவி ஏறிச் சுருண்டது. அதன் முதுகு மயிர் கழுத்திலிருந்து வால்வரை மெதுவாகப் படிந்தது. நிமிர்ந்தது. மறுபடியும் படிந்தது. காற்று இல்லை. எந்தக் கையும் படவிடாத பூனை கண்ணை மூடிக்கொண்டது.

அக்கா ஜன்னலைச் சாத்திக் கொக்கியை இறுக்கிப் போட்டாள். நாற்காலியைத் திரும்பிப் பார்க்காமல், கல்யாணமான புதிதில் சொல்லும் அதே குரலில் சொன்னாள்:

"அட, போங்க."

கிரீச்.