துவாய்க்குள் இருந்த பிள்ளை

இன்று பள்ளிக்கூடம் விட்டதும் யாழ்ப்பாணம் போய், விரல் உடைந்து ஒட்டக் கொடுத்திருந்த எங்கள் கோவில் பாலன் யேசு சொரூபத்தை வாங்கிக்கொண்டு கரவெட்டி பஸ் ஏறினேன். நிற்கவும் இடமில்லை. நாள் முழுக்க வகுப்பில் நின்று படிப்பித்த கால் கடுத்தது.

மழைக்குப் பயந்து சொரூபத்தைத் துவாய்த் துண்டால் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தேன்.

"கைப்பிள்ளையோடை ஒரு அக்கா நிக்கிறா. ஆராவது எழும்புங்கோ!" என்று கொண்டக்டர் கத்தினார்.

திருநீறு பூசிய ஒரு அண்ணை சட்டென்று எழுந்தார். மறுத்துச் சொல்லத் தெம்பில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்தில் மீன் விற்று முடித்த வெறும் கடகப்பெட்டியோடு இருந்த அக்கா துவாயைத் தடவினார். "நல்ல நித்திரை போலை. எத்தினை மாசம், தங்கச்சி?"

பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இது எங்கடை கோவில் பாலன், அக்கா. நத்தாருக்குத்தான் பிறப்பார். அதுவரைக்கும் ஆருக்கும் காட்டுறேல்லை."

சொல்லிவிட்டு, அண்ணைக்கு இடம்விட எழுந்தேன்.

"இருங்கோ பிள்ளை," என்றார் அவர். "பிறக்கப்போறவருக்கும் இடம் வேணும்தானே."

கால்கடுப்பு இன்னும் போகவில்லை. ஆனாலும், பாலன் பிறக்கப் பெத்லகேமில் இடமில்லை என்று கதவைச் சாத்திய அந்தச் சத்திரக்காரர் ஒருநாள் எங்கள் கரவெட்டி பஸ்ஸில் ஏறிப் பார்த்திருக்கவேண்டும். என்ன சொல்கிறீர்கள்?