இருட்டு கேட்ட முயல்மசால்

“மாட்டுக்கு வெதைச்சுப் பாருடா, அப்பத் தெரியும்…” என்று பெரியப்பா ஏதோ சொல்வார். என்ன தெரியும் என்ற பாதி மறந்துபோச்சு. தீவனப் பயிர்த் தொழிலில் இறங்கிய பிறகு அதை ஒவ்வொருவராக வந்து சொல்லிவிட்டுப் போகிறார்கள். வெளிநாட்டு வேலையை விட்டுவிட்டுக் கொல்லைக் காட்டில் கால் வைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்களும் இந்தப் பேச்சை வாங்கியிருப்பீர்கள்.

சித்திரையில் குதிரைமசால்

ஷார்ஜாவிலிருந்து எறையூர்ப் பக்கம் திரும்பிய முதல் வருசம். குதிரைமசால் என்கிற மாட்டுத் தீவனப் பயிரைக் குளிர்ந்த மாதத்தில் விதைக்க வேண்டும் என்பது தெரியும். அதுவரை யார் சும்மா இருப்பது? தண்ணீர்தான் இருக்கிறதே என்று சித்திரையிலேயே விதைத்தேன். அந்தச் சூட்டில் செடி தழையவே இல்லை. சாண் உயரத்திலேயே ஊதாப் பூ பூத்து, தண்டு விறைத்து நின்றது. பக்கத்துக் கொல்லை செல்வியக்கா கறவை மாட்டுக்கென்று ஒரு கட்டு வாங்கிப்போனார். மறுநாள் காலையில் அதை அப்படியே கொண்டுவந்து என் முன்னால் போட்டார். “மாட்டுக்குத் தீனி கேட்டா, தலையில வைக்கப் பூ குடுத்து விட்டிருக்கியே தம்பி!”

ஒரே முகூர்த்தம்

அடுத்து முயல்மசால், அதுவும் தீவனப் பயிர்தான். லப்பைக்குடிக்காட்டு ஹாஜா பாய், குவைத்தை முடித்துக்கொண்டு வந்து ஆட்டுப் பண்ணை வைத்திருப்பவர், விதை எடுத்துத் தரச் சொன்னார். எல்லாம் ஒன்றாக விளைந்தால் அறுக்க ஆள் கிடைக்காதே என்று மூன்று தவணையாக, மாதம் தள்ளித் தள்ளி விதைத்தேன். முயல்மசால் வயதைப் பார்த்துப் பூப்பதில்லை, பகல் குறைவதைப் பார்த்துப் பூக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஐப்பசியில் பெரிய செடியும் சின்னச் செடியும் சேர்ந்து மஞ்சளாகப் பூத்தன. கூலிக்கு வந்த செல்வியக்கா வரப்பிலேயே நின்று சிரித்தார். “ஏன் தம்பி, அண்ணன் தம்பி மூணு பேருக்கும் ஒரே முகூர்த்தமா? பரிமாற ஆளு வேணாமா?”

கொட்டகை நிழல்

ஆள் பற்றாமல் பாதி விதை மண்ணில் உதிர்ந்தது. பாய்க்கு ஒரு பைகூடத் தேறவில்லை. எப்படி விதைத்தாலும் சேர்ந்துதான் பூக்கும் என்று இந்த வருசம் எல்லாவற்றையும் ஒன்றாகவே விதைத்தேன். கரும்புக்கு வரும் காட்டுப்பன்றி இங்கேயும் கிளறியதால், பொழுது சாய்ந்ததும் தானே எரிகிற பெரிய போகஸ் லைட் ஒன்றைக் கம்பத்தில் மாட்டினேன். விடிகிறவரை பட்டப்பகல்தான். ஐப்பசி போய்க் கார்த்திகையும் வந்தது. செடி தழைத்துக்கொண்டே போகிறது, பூவைக் காணோம். தண்ணீரை நிறுத்தினேன், மனசு கேட்காமல் திரும்ப விட்டேன். காப்பி குடிக்கும் நேரத்தில்கூட எழுந்துபோய்க் குனிந்து பார்த்தேன். இதற்கு நடுவில் ஷார்ஜா கம்பெனியிலிருந்து போன். பழைய வேலை காலியாக இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும். சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

ஹாஜா பாய் பயிரைப் பார்க்க வந்தபோதுதான் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் போனேன். விளக்கு வெளிச்சம் எட்டாத அந்த இடத்தில் மட்டும், கொட்டகையின் நிழலை வரைந்து வைத்தமாதிரி மஞ்சள் பூ. மற்ற செடிகளுக்கு நான் ராத்திரியையே காட்டவில்லை. “லைட்டை அணைச்சா இனிமேலும் பூக்கும் பாய். ஆனா பன்னி வரும். யாராவது காவல் இருக்கணும்” என்றேன். அவர் பூவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “போன வருசமும் இன்ஷா அல்லாஹ்ன்னுட்டு வெறும் பையோடதான் போனேன். வெதைய விடுங்க சார். நீங்க இருப்பீங்களா, போயிடுவீங்களா? மொதல்ல அதச் சொல்லுங்க.”

வெள்ளிக்கிழமை ஷார்ஜாவுக்குப் போன் போட்டு வரவில்லை என்று சொல்லிவிட்டு, லைட்டைக் கழற்றி வைத்து, கட்டிலையும் பன்றி விரட்டத் தட்டுவதற்கு ஒரு தகர டின்னையும் கொல்லைக்குக் கொண்டுபோனேன்.